சோத்தாங்கைப் பக்கம் மலை

இந்த முறை லீவில் திருவண்ணாமலைக்கு வந்த மூன்றாம் நாள், செங்கம் ரோட்டில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளைக்காரர் ஸ்கூட்டரை ஓரம் கட்டி, போனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, அடி அண்ணாமலைக்கு எப்படிப் போவது என்று கேட்டார். என் வாய் அதுபாட்டுக்குத் திறந்துகொண்டது. போனை உள்ளே வையுங்கள், மலையை வலது கைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், போய்க்கொண்டே இருங்கள், ஊர் தானாக வரும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். பக்கத்தில் நின்றிருந்த என் மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டீ கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு இப்போது பதினொரு வயது. அவள் ஏன் சிரித்தாள் என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். அவள் அம்மாவுக்குப் பாதி தெரியும்.

அன்று மத்தியானம் மொட்டைமாடி நிழலில் பாய் போட்டுப் படுத்தேன். கண்ணைத் திறந்தால் மலை, மூடினாலும் மலை. பாதித் தூக்கத்தில் அது மெல்லப் புகைய ஆரம்பித்தது. உச்சியிலிருந்து வெள்ளைப் புகை நேராக எழும்பி மேகத்தோடு சேர்ந்தது. மலை ஒல்லியாகிக்கொண்டே வந்து, நீண்டு, சிவப்புச் செங்கல் புகைபோக்கியாக நின்றது. எனக்கு அதில் ஆச்சரியமே வரவில்லை, ஓ, வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். எந்த வீடு என்று யோசித்தபோதுதான் விழிப்பு வந்தது. இதை எழுதி வைத்துவிட வேண்டும் என்று அப்போதே தோன்றியது.

பதினாறு வருஷம் அந்தச் செங்கம் ரோட்டில் வாடகை வண்டிக் கடை வைத்திருந்தேன். ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு ஸ்கூட்டரும் சைக்கிளும் கொடுப்பது என் தொழில். வழி சொல்வது தொழிலோடு வந்த பெருமை. வண்டிச் சாவியைக் கொடுக்கும்போது இரண்டே பாடம்தான் எடுப்பேன். ஒன்று, மலையைப் பார்த்து ஓட்டு. இரண்டாவது, வழி தப்பிவிட்டால் அலையாதே, கடைசியாக எங்கே வழி தெரிந்ததோ அங்கேயே வந்து நில், நான் வந்து கூட்டிப்போகிறேன். மேப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவ்வளவு பெரிய மலை எதிரே நிற்கிறது, இவர்கள் உள்ளங்கையில் நீலப்புள்ளியைத் தேடுகிறார்களே என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். நல்ல காலம், அவர்களுக்குத் தமிழ் தெரியாது.

எங்கள் ஊரில் இடம் காட்ட வடக்கு தெற்கு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "மலைப் பக்கம் தள்ளி நிறுத்து" என்போம். கட்டில் போடுவது, வாசல் வைப்பது, மாட்டைக் கட்டுவது எல்லாம் மலையை வைத்துத்தான். ஒருமுறை பல் பிடுங்கப் போனபோது எந்தப் பக்கம் வலிக்கிறது என்று டாக்டர் கேட்டார். நாற்காலியில் சாய்ந்தபடி "மலைப் பக்கம்" என்றேன். அவரும் உள்ளூர்க்காரர், சரியான பல்லைத்தான் பிடுங்கினார்.

சுற்றுவதும் அப்படித்தான். மலை வலது பக்கம் வர, பதினாலு கிலோமீட்டர். திசைக்கு ஒன்றாக வழியில் எட்டு லிங்கங்கள். எமலிங்கம், வருணலிங்கம், குபேரலிங்கம் என்று அவற்றின் பெயரைச் சொல்லியே தூரத்தைக் கணக்கிடுவோம். இடது பக்கம் மலை வர யாரும் சுற்றுவதில்லை, கிளம்பினவர் பாதியில் திரும்பி வருவதுமில்லை. இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. சோற்றை எந்தக் கையால் சாப்பிடுவது என்று தெரிந்ததுபோல இதுவும் தெரியும்.

என் மனைவி நர்ஸ். ஒரு வருஷம் சென்னையில் ஹாஸ்டலில் தங்கி ஜெர்மன் படித்து, பரீட்சை எழுதி, அந்த நாட்டின் வடக்கே ஒரு நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை வாங்கினாள். மூன்று வருஷ ஒப்பந்தம். அவள் முதலில் போனாள். எட்டு மாதம் கழித்து நானும் மகளும் போவதாக ஏற்பாடு. "கடைய என்ன பண்ணப் போற?" என்று அடி அண்ணாமலையில் இருக்கும் என் அக்கா கேட்டாள். ஷட்டரை இறக்கிப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "பூட்டுதான் போட்டிருக்கேன், விக்கலியே" என்றேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் விடியற்காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு மலை சுற்றினேன். அப்போது அவளுக்கு எட்டு வயது. எமலிங்கம் தாண்டும்வரை ஓடினாள், வருணலிங்கம் வரை நடந்தாள், குபேரலிங்கத்தில் என் தோளில் ஏறிக்கொண்டாள். வழி நெடுக நான் பேசிக்கொண்டே வந்தேன். கடைக் கதைகள்தான். ஹெல்மெட்டைப் பிடுங்கிக்கொண்டு வேப்பமரத்தில் ஏறிய குரங்கு, வாடகை ஸ்கூட்டரில் ஆட்டுக்குட்டியை முன்னால் உட்கார வைத்து ஊரைச் சுற்றிய ரஷ்யாக்காரர். நடந்தால்தான் எனக்குப் பேச்சு வரும். உட்கார்ந்தால் வராது.

நாங்கள் போய் இறங்கியது ஜூலையில். வானம் இரவு பத்து மணிக்கும் வெளிச்சமாக இருந்தது. ஊர் தட்டையாக, இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி, எந்தப் பக்கம் பார்த்தாலும் முடிவில்லாமல் கிடந்தது. மேடு என்று ஒன்று இல்லை. சூரியன்கூட நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லாமல் எங்கோ ஓரமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. மனைவி பிடித்திருந்த மூன்றாம் மாடி வீட்டில் மெத்தையை விரித்துவிட்டு, எந்தப் பக்கம் தலை வைப்பது என்று தெரியாமல் நின்றேன். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாதே.

"வடக்கு எது?" என்றேன்.

"ஏங்க, எந்தப் பக்கமாவது தலைய வெச்சுப் படுங்க. எனக்குக் காலைல ஆறு மணிக்கு டூட்டி" என்றாள்.

குருட்டு யோசனையில் ஒரு பக்கம் தலை வைத்துப் படுத்தேன். மறுநாள் அவள் போனில் பார்த்தால், சொல்லி வைத்த மாதிரி அதுதான் வடக்கு.

அந்த முதல் இரண்டு வாரங்களை இப்போது நினைத்தால் தண்ணீருக்குள் நடந்ததுபோல் இருக்கிறது. தெருக்களெல்லாம் ஒரே மாதிரி, வீடுகளெல்லாம் ஒரே சிவப்பு. பால் வாங்கப் போனவன் ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினேன், வாங்கினது மோர். ஊருக்கே வழி சொன்னவன், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவனாகிப் போனேன். போனில் மேப் இருந்தது. அதைத் திறக்க என் வீம்பு விடவில்லை. திறந்தாலும் அந்த நீலப்புள்ளி என்னைப் பழி தீர்ப்பதுபோல் சுற்றிச் சுற்றி நின்றது.

ஒருநாள் காலை சமையலறை ஜன்னலில் நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். வீடுகளுக்கெல்லாம் மேலே ஒரு பெரிய புகைபோக்கி. ஊர் முழுக்கக் குழாயில் சூடு தண்ணீர் அனுப்புகிற ஆலையாம். உச்சியில் வெள்ளைப் புகை. கடை வாசலில் நின்றால் மலை எந்தப் பக்கம் தெரியுமோ, அதே பக்கத்தில் நின்றது. கண் கலங்கிவிட்டது. மகளை எழுப்பிக் கூட்டி வந்து காட்டினேன்.

"மலை" என்றேன்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். "ஒல்லியா இருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மலை. அதைச் சுற்றி ஒரு பெரிய வட்டமாகத் தெருக்கள் போயின. இரண்டே நாளில் நானும் மகளும் சுற்றி வந்து லிங்கங்களுக்கு இடம் பார்த்துவிட்டோம். வீட்டுப் பக்கத்தில் கல்லறைத் தோட்டம் இருந்தது, அது எமலிங்கம். மனைவி திட்டினாள், நாங்கள் மாற்றவில்லை. அடுத்து ஒரு கால்வாயும் பாலமும், அது வருணலிங்கம். காற்று ஆளைத் தள்ளுகிற வெட்டவெளி வாயுலிங்கம். ஒரு பேங்க், குபேரலிங்கம். கடைசியில், வீட்டுக்கு வருகிற வழியில் ரொட்டிக் கடை, அடுப்பு இருப்பதால் அக்கினிலிங்கம். மகளைச் சேர்த்த பள்ளிக்கூடம் அந்த ரொட்டிக் கடைக்குச் சற்று முன்னால் இருந்தது.

இனிமேல் சொல்லப்போவதைப் படித்தால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். காலையில் வாசலில் இறங்கி, மலையை வலது பக்கம் வைத்துக்கொண்டு, எமலிங்கத்தில் ஆரம்பித்துக் குபேரலிங்கத்தையும் தாண்டிப் பள்ளிக்கூடம் போய்ச் சேர எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. மத்தியானம் பள்ளியிலிருந்து அப்படியே மேலே நடந்து, ரொட்டிக் கடை தாண்டி வீட்டுக்கு வர பதிமூன்று நிமிடம். வந்த வழியிலேயே காலையில் போனால் பதிமூன்று நிமிடத்தில் போய்விடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், தோன்றவே இல்லை. அந்தப் பக்கம் திரும்பினால் மலை பீச்சாங்கைப் பக்கம் வந்துவிடும். அப்படி வருவதெல்லாம் என் புத்தியில் வழி என்றே பதியவில்லை. அவளைக் கூட்டி வரப் போகும்போதும் நான் மட்டும் தனியாக நாற்பது நிமிடம் சுற்றித்தான் போனேன்.

கீழ்வீட்டில் என் மகள் வகுப்பிலேயே படிக்கிற ஒரு பெண் இருந்தாள். நாங்கள் கிளம்பும்போது அவர்கள் வீட்டில் விளக்கே எரியாது. நாங்கள் போய்ச் சேரும்போது அவள் பள்ளி வாசலில் நின்று ஆப்பிள் தின்றுகொண்டிருப்பாள். அவள் அம்மா காரில் விடுகிறாள்போல என்று நினைத்துக்கொள்வேன். அவர்களிடம் கார் இல்லை என்பதையும் கவனித்திருந்தேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

அந்த நடை மட்டும்தான் எனக்கு நன்றாக இருந்தது. மற்றபடி நாள் முழுக்க வீட்டில் இருந்தேன். சமைத்தேன், துணி மடித்தேன், மொழி வகுப்புக்குப் போய்ப் பத்து வார்த்தை கற்று எட்டை மறந்தேன். சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தால் நான் வாயைத் திறப்பதில்லை. மகளும் பேசுவதில்லை. அக்டோபர் கடைசியில் இலையெல்லாம் கொட்டி, ஐந்து மணிக்கே இருட்ட ஆரம்பித்ததும் வீடு இன்னும் அமைதியாகிவிட்டது. மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். குழந்தை வாடிப்போகிறாள் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

"பாப்பாவுக்கு இந்த ஊரு ஒத்துக்கல" என்றேன் மனைவியிடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"பாப்பாவுக்கா, உங்களுக்கா?"

"எனக்கென்ன, நான் கல்லு மாதிரி இருக்கேன்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு சொன்னாள்: "தீபம் வரைக்கும் பாருங்க. அதுக்கப்புறமும் மனசு ஒட்டலன்னா நீங்க பாப்பாவக் கூட்டிட்டு ஊருக்குப் போயிடுங்க. நான் மூணு வருஷத்த முடிச்சுட்டு வந்துடறேன்."

எட்டு மாதம் பிள்ளையைப் பார்க்காமல் இருந்தவள் அவள். ஏர்போர்ட்டில் எங்களைப் பார்த்தபோது என்னை விட்டுவிட்டு மகளைத்தான் கட்டிக்கொண்டாள், விடவே இல்லை. அவள் வாயால் அதைச் சொல்ல வைத்துவிட்டேனே என்று சுருக்கென்றது. ஆனாலும் மறுக்கவில்லை. மறுநாளே அக்காவுக்குப் போன் போட்டு, அடி அண்ணாமலைப் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொன்னேன். கடைச் சாவி குளிர்கோட்டின் உள்பையில் இருந்தது. நடக்கும்போது அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

நவம்பரில் மகளின் டீச்சர் மனைவியைக் கூப்பிட்டுப் பேசினார். குழந்தை பல நாள் தாமதமாக வருகிறாள், களைப்பாக இருக்கிறாள், வீடு ரொம்ப தூரமா என்று கேட்டாராம். மனைவி ஆஸ்பத்திரிக்கு டிராமில் வேறு வழியாகப் போகிறவள், அவளுக்கும் தெரியாது. "தூரமாங்க?" என்று என்னைக் கேட்டாள். "கொஞ்சம் சுத்து" என்றேன். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பார்த்தாயா, பள்ளிக்கூடமும் இவளுக்கு ஒத்துவரவில்லை என்று எனக்குள் ஒரு கணக்கு ஏறியது.

தீபத்தன்று காலையில் எழுந்தால் ஜன்னலில் மலை இல்லை. பனிமூட்டம். எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. தெருவில் ஆட்கள் பாதியாக வந்து பாதியாக மறைந்தார்கள். காலையில் எப்படியோ பழக்கத்தில் மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டேன்.

எங்கள் ஊரில் தீபத்தன்று மலை உச்சியில் கொப்பரையில் நெருப்பு தெரிந்த பிறகுதான் வீட்டில் அகல் ஏற்றுவார்கள். ஆறு மணிக்கு ஊரே மொட்டைமாடியில் மலையைப் பார்த்து நிற்கும். அங்கே ஆறு மணி என்றால் எங்களுக்கு மத்தியானம் ஒன்றரை. அக்கா மாடியிலிருந்து வீடியோவில் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். மனைவி டூட்டியில், மூன்று மணிக்குத்தான் வருவாள். நானும் மகளும் ஒன்றரைக்குள் வீட்டில் இருந்து, தீபம் பார்த்து, அகல் ஏற்ற வேண்டும். அகல்களை நீரில் ஊற வைத்துத் துடைத்துக் காய வைத்துவிட்டு, மகளைக் கூட்டி வரக் கிளம்பினேன்.

எமலிங்கம் வரை தெரிந்த வழி. வருணலிங்கத்தில் பாலத்தைத் தடுத்து, காலையில் இல்லாத சிவப்பு வெள்ளைக் கட்டை போட்டிருந்தார்கள். ஏதோ வேலை. அம்புக்குறி காட்டிய வழியில் போனேன். அது ஒரு தெருவுக்குள் போய், இன்னொன்றில் திரும்பி, மூன்றாவதில் என்னை விட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே வெள்ளை. நின்ற இடத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றினேன். அதோடு, வந்த பக்கம் எது என்பதும் போய்விட்டது.

போனை எடுத்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய போன், குளிரில் கண்ணை மூடிக்கொண்டது. எதிரே வந்த ஒருவரிடம் பள்ளிக்கூடம் என்றேன். அவர் நிறையப் பேசி ஒரு பக்கம் கை காட்டினார். அந்தப் பக்கம் நடந்தேன், பயம் வந்து திரும்பினேன். எவ்வளவு நேரம் அப்படி அலைந்தேன் என்று தெரியாது. சத்தமெல்லாம் பஞ்சுக்குள்ளிருந்து வந்தது. ஒரு கணம் இது செங்கம் ரோடுதான், மார்கழிப் பனிதான், அடுத்த திருப்பத்தில் என் கடை ஷட்டர் வரும் என்றே நம்பினேன். பையிலிருந்து சாவியைக்கூட வெளியே எடுத்துவிட்டேன். அப்போது மறுபடியும் அந்தச் சிவப்பு வெள்ளைக் கட்டை எதிரே வந்தது. பாலம். தெரிந்த கடைசி இடம்.

அங்கேயே நின்றேன். மகள் பள்ளி வாசலில் தனியாக நிற்பாள், அவளுக்கு யாரிடமும் பேசத் தெரியாது, அழுதுகொண்டிருப்பாள் என்றே மனதில் ஓடியது. பிள்ளையை இந்த வெள்ளைக்குள் தொலைத்துவிட்டேன், மனைவி முகத்தில் எப்படி விழிப்பேன் என்று கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

"அப்பா!"

பனிக்குள்ளிருந்து முதலில் அவள் மஞ்சள் தொப்பி வந்தது. பின்னால் கீழ்வீட்டுப் பெண்ணும் அவள் அம்மாவும். என் மகள் அவர்களிடம் திரும்பி ஜெர்மனில் கடகடவென்று ஏதோ சொன்னாள். அந்த அம்மா சிரித்துவிட்டு என் தோளைத் தட்டினாள். இவள் இவ்வளவு பேசுவாளா என்று நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

"எப்படிம்மா வந்த?"

"நீ வரல. இவ கூட வீட்டுக்குப் போனேன், வீடு பூட்டி இருந்துது. சரின்னு இவங்க அம்மாவக் கூட்டிட்டு சோத்தாங்கைப் பக்கமா சுத்தி வந்தேன். நீ வேற எந்தப் பக்கம் போயிருப்ப? கட்டை போட்டிருக்கவும், இங்கதான் நிப்பேன்னு தெரிஞ்சிடுச்சு. வழி தப்பினா கடைசியா தெரிஞ்ச எடத்துல நில்லுன்னு நீதானே எல்லாருக்கும் சொல்லுவ."

"மலை தெரியலம்மா" என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது எனக்கே.

"தெரியலன்னா என்னப்பா. அது அங்கதான இருக்கும்."

என் கையைப் பிடித்து, வந்த வழியிலேயே திருப்பினாள். நான் தயங்கினேன். வாழ்நாளில் ஒரு சுற்றைப் பாதியில் விட்டுத் திரும்பியதில்லை. "பரவால்லப்பா, தீபத்துக்கு நேரமாவுது" என்று இழுத்தாள். மலை இடது பக்கம் இருக்க, நடந்தேன். ஒன்றும் ஆகவில்லை. கால் மட்டும் கொஞ்ச தூரம் யாரோ ஒருவருடைய கால் மாதிரி இருந்தது.

நடக்கும்போது கேட்டேன், வீட்டிலிருந்து இப்படி மலை இடது பக்கம் வரப் போனால் பள்ளிக்கூடம் கிட்டே என்று அவளுக்கு எப்போது தெரியும் என்று.

"சேர்ந்த ரெண்டாவது நாளே தெரியும். இவங்க அம்மாவும் இவளோட வந்துடுன்னு சொன்னாங்க. எங்கப்பாவுக்கு அந்தப் பக்கம் வழி வராதுன்னு சொல்லிட்டேன்."

"என்கிட்ட சொல்லிருக்கலாமே. தெனமும் லேட்டு, திட்டு, களைப்பு..."

அவள் ஒரு கல்லைக் காலால் தள்ளிக்கொண்டே வந்தாள். "சுத்தும்போதுதான் நீ பேசற. வீட்டுக்கு வந்தா பேசறதே இல்ல. பதிமூணு நிமிஷத்துல குரங்கு கதையே முடியாது."

அவள் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டேன். அவள்தான் மேலே பேசினாள். "நம்ம ஊருக்குப் போறோமாப்பா? நீ அத்தைகிட்ட போன்ல பேசினது கேட்டுச்சு."

"உனக்குப் போணுமா?"

"நான் அம்மா கூட இருக்கேன். நீ போறதுன்னா போ. ஆனா நீ போயிட்டா, நான் பீச்சாங்கைப் பக்கமாதான் ஸ்கூலுக்குப் போணும்."

கல்லறைத் தோட்டத்து மதில் அருகே வந்தபோது அவள் அந்த அம்மாவிடம் மணி கேட்டாள். ஒன்றரை. "அப்பா, இப்போ ஏத்திட்டாங்க" என்று நின்றுவிட்டாள். மலை இருக்கும் பக்கம் திரும்பி, கையுறையைக் கழற்றிப் பையில் திணித்து, கை கூப்பினாள். நானும் கூப்பினேன். எதிரே வெறும் வெள்ளை. கீழ்வீட்டுப் பெண்ணும் அவள் அம்மாவும் நாங்கள் பார்த்த பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல், மரியாதையாக நின்றார்கள். "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்றேன். மகள் சத்தமாகச் சொன்னாள்.

வீட்டுக்குப் போய்ப் போனை உயிர்ப்பித்து அக்காவைக் கூப்பிட்டோம். உச்சியில் சின்னதாக, ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது. கீழ்வீட்டு அம்மாவும் பெண்ணும் நாங்களுமாகச் சேர்ந்து சமையலறை ஜன்னலில் அகல் ஏற்றினோம். "ஸ்கூல்ல எடம் இருக்குன்னு சொல்லிட்டாங்கடா, எப்ப வரீங்க?" என்று அக்கா கேட்டாள். "லீவுக்கு வரோம்கா" என்றேன். சாவியை அன்றைக்கே ஆணியில் மாட்டினேன். பிறகு கடையை வேறொருவர் எடுத்துக்கொண்டார். நான் அந்த நகரத்திலேயே ஒரு சைக்கிள் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அதெல்லாம் வேறு கதை.

மூன்று மணிக்கு மனைவி வந்தாள். கதவைத் திறந்தவள் உள்ளே வரவில்லை. நிலைப்படியில் உட்கார்ந்து, ஒரு ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, விளக்கையும் என்னையும் பார்த்தாள். அவளும் நாள் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"தீபம் வந்துடுச்சு. என்னங்க முடிவு பண்ணீங்க?"

"நாளைக்கு நீ டூட்டிக்குக் கிளம்பும்போதே எங்கள எழுப்பிவிடு" என்றேன். "பாலத்துல கட்டை போட்டிருக்காங்க. சுத்திப் போக இன்னும் நேரமாகும்."

அவள் இன்னொரு ஷூவைக் கழற்றவில்லை. அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மகள் போய் அந்த ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.